டாக்வுட் தேடுகிறவர்களுக்கு நம்மூர் அழிஞ்சில்: மரம் அடையாளம் காண்பதிலிருந்து பிடி போடுவது வரை

மரவேலை வீடியோ பார்த்துவிட்டு வருகிற தம்பிகள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, டாக்வுட் கட்டை வேலூர்ல எங்க கிடைக்கும்?" காட்பாடி மர வாடியில் கேட்டாலும் கிடைக்காது, ராணிப்பேட்டையில் கேட்டாலும் கிடைக்காது. ஆனால் அந்தக் குடும்பத்து மரம் ஒன்று நம் கரடுகளில் தானாக வளர்கிறது. ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறார்கள், மிச்சத்தை அடுப்பில் வைக்கிறார்கள். அதுதான் அழிஞ்சில். தாவரவியலில் அலாஞ்சியம் சால்விஃபோலியம். டாக்வுட்டைச் சேர்த்திருக்கும் கார்னேசி குடும்பத்தில்தான் இன்றைய வகைப்பாடு இதையும் வைக்கிறது.

விறகுக் கட்டில் கிடக்கிற அழிஞ்சில் கொம்பு ஒவ்வொன்றும் எனக்கு ஓர் உளிப் பிடியாகத்தான் தெரிகிறது. அதனால் எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன். வேலையில் முக்கால் பங்கு கட்டையை உலர்த்துவதுதான். அந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் படியுங்கள்.

முதலில் டாக்வுட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

டாக்வுட் என்றால் ஒரே மரம் இல்லை. கார்னஸ் என்ற பேரினத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. வீடியோக்களில் வருவது பெரும்பாலும் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளரும் கார்னஸ் ஃப்ளோரிடா. வசந்தத்தில் வெள்ளை வெளேரென்று நான்கு இதழ்களோடு தெரிவது உண்மையில் பூவிதழ் இல்லை, பூவடிச் செதில். நடுவில் பொத்தான் மாதிரி இருக்கிறதே, பூக்கள் அங்கேதான் இருக்கின்றன. பெயரைச் சொல்லுக்குச் சொல் 'நாய்மரம்' என்று தமிழாக்கி எழுதுகிறார்கள். இறைச்சி குத்தும் கூர்க்குச்சிகள் இந்தக் கட்டையில் செய்யப்பட்டன, அந்தக் குச்சிக்கான பழைய சொல்லிலிருந்துதான் பெயர் வந்தது என்று ஒரு விளக்கம் இருக்கிறது. அது சரியானால் நாய்க்கும் மரத்துக்கும் சம்பந்தமே இல்லை. கார்னஸ் என்ற லத்தீன் பெயர் கொம்பு என்ற சொல்லோடு தொடர்புடையது. கொம்பு மாதிரி கெட்டி என்று பொருள்.

கெட்டி என்பது சும்மா சொல்வதில்லை. உலர்ந்த கார்னஸ் ஃப்ளோரிடா கட்டை கன மீட்டருக்குச் சுமார் 800 கிலோ வரும். நம் தேக்கு சுமார் 650. ஐரோப்பாவில் வளரும் இன்னொரு வகை கார்னஸ் மாஸ். அலெக்சாந்தரின் மக்கெதோனியப் படை ஏந்திய நீண்ட ஈட்டிகளின் தண்டு இந்த மரம் என்றுதான் பெரும்பாலோர் எழுதுகிறார்கள். கடிகாரம் பழுது பார்க்கிறவர்கள் டாக்வுட் சிம்பால் சின்னத் துளைகளைச் சுத்தம் செய்தார்கள். கட்டையில் மணல்சத்து கிட்டத்தட்ட இல்லாததால் கீறல் விழாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பயன் நெசவு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மில் தறிகளில் ஊடை நூலைச் சுமந்து ஓடிய நாடாக் கட்டைக்கு டாக்வுட்டைத்தான் விரும்பி வாங்கினார்கள். குடியாத்தத்தில் கைலித் தறி ஓடுகிற வீட்டில் ஒரு நாள் உட்கார்ந்தால் காரணம் புரிந்துவிடும். நாடா இந்தப் பக்கத்துப் பெட்டியில் மோதி அந்தப் பக்கம் ஓடுகிறது, மறுபடி மோதித் திரும்புகிறது. நாள் முழுக்க அதே வேலை. கட்டை மிருதுவாக இருந்தால் பிளக்கும். சிம்பு கிளம்பினால் பாவு நூல் அறுந்து போகும். டாக்வுட் தேயத் தேய வழவழப்பாகுமே தவிர சிம்பு விடாது. அதே வேலைக்கு அமெரிக்கர்கள் எடுத்த இன்னொரு மரம் பெர்சிமன். அது நம் கருங்காலிக்குப் பங்காளி. இரண்டும் டயோஸ்பைரஸ் பேரினம்.

சரி, கன்று வாங்கி இங்கே நட்டால் என்ன? வேண்டாம். டாக்வுட்டுக்குக் குளிர்காலத் தூக்கம் வேண்டும், ஈரமும் புளிப்பும் உள்ள மண் வேண்டும், பெரிய மரங்களின் நிழல் வேண்டும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூரில் அது பிழைக்காது. இந்தியாவில் கார்னஸ் வகைகள் இமயமலைச் சரிவுகளில் இருக்கின்றன. அங்கேயே இருக்கட்டும்.

அழிஞ்சிலை அடையாளம் காணுதல்

அமிர்தி, ஒடுகத்தூர், பேரணாம்பட்டு, ஜவ்வாது மலையின் அடிவாரம் என்று இங்கே காய்ந்த கரடு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் கண்ணைத் திறந்து வையுங்கள். ஓடைக்கரை, வயல் வரப்பு, பழைய கோயில் மதில் ஓரம் ஆகியவை நல்ல இடங்கள்.

சின்ன மரம். பெரும்பாலும் பத்துப் பதினைந்து அடிக்குள் புதராகவே நின்றுவிடும். விட்டு வளர்த்தால் முப்பது அடி தொடும். பட்டை சாம்பல் நிறம். இளங்கிளைகள் பலவற்றின் நுனி முள்ளாக முடியும், கை வைக்கும்போது கவனம். இலை மாற்றடுக்கில், நீள்வட்டமாக இருக்கும். அடியிலிருந்து மூன்று நரம்புகள் கிளம்புவது தெரியும். டாக்வுட்டில் இலை பெரும்பாலும் எதிரெதிராக வரும், அதனால் படத்தை வைத்துக்கொண்டு இதைத் தேடினால் ஏமாந்து போவீர்கள்.

சந்தேகமே இல்லாமல் காண வேண்டுமானால் மாசி, பங்குனியில் போங்கள். இலை உதிர்ந்த கொம்பில் வெள்ளைப் பூ கொத்துக் கொத்தாக நிற்கும். இதழ்கள் ரிப்பன் மாதிரி மெலிந்து பின்னால் சுருண்டிருக்கும், நடுவில் மகரந்தக் குச்சிகள் கற்றையாக நீட்டிக்கொண்டிருக்கும். வாசனை பத்தடி முன்பே வந்துவிடும். கோடை முடிவில் பழம் கருஞ்சிவப்பாகி, பிறகு கறுக்கும். தலையில் சின்னக் கிரீடம் போல் பூவின் மிச்சம் ஒட்டியிருக்கும். இனிப்பும் புளிப்புமான சதை, உள்ளே ஒற்றை விதை. ஆடு மேய்க்கிற பிள்ளைகள் தின்பார்கள்.

விழுந்த விதை ராத்திரியில் திரும்ப மரத்தில் ஏறி ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. ஏறழிஞ்சில் என்று அதனால்தான் பெயர். நைனா சொல்லி, சின்ன வயதில் ஒரு ராத்திரி முழுக்க மரத்தடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். விதை ஏறவில்லை. ஆனால் அந்த மரத்தை அதற்குப் பிறகு மறக்கவும் இல்லை.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாய்க்கடிக்கு அழிஞ்சில் வேர்ப்பட்டை கொடுக்கிற பழக்கம் கிராமங்களில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். இந்த மரத்தில் வாந்தி வரவழைக்கிற எமெட்டின் போன்ற சத்துகள் இருக்கின்றன, வெறிநாய்க்கடி நோயை அது தடுக்காது. நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் தடுப்பூசி போடுங்கள். அதே காரணத்துக்காக இந்தக் கட்டையில் கரண்டி, கிண்ணம் எதுவும் செய்வதில்லை என்று நான் வைத்திருக்கிறேன்.

கட்டை எங்கே எடுப்பது, எப்போது எடுப்பது

காப்புக்காட்டுக்குள் ஒரு குச்சியும் வெட்டாதீர்கள். விழுந்து கிடக்கிறதே என்றும் எடுக்காதீர்கள், அனுமதி வேண்டும். பட்டா நிலத்து வரப்பில் நிற்கிற மரம், சாலை போடும்போது தள்ளிய புதர், விறகுக்காரர் வண்டி ஆகிய மூன்றும் போதும். பட்டா நிலத்து மரமானாலும் மலைப்பகுதியாக இருந்தால் வெட்டுவதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடமோ வனச்சரக அலுவலகத்திலோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நான் எடுத்ததெல்லாம் விறகு வண்டியிலிருந்துதான். விறகு விலைக்கே கிடைத்தது.

மரத்தை வேரோடு சாய்க்க வேண்டியதில்லை. மணிக்கட்டுக் கனத்துக்கு மேல் இருக்கிற ஒரு கிளை உங்களுக்கு நான்கு பிடி கொடுக்கும். அடியில் வெட்டினாலும் தூரிலிருந்து மறுபடி தளிர்க்கும் குணம் இதற்கு உண்டு.

மார்கழி, தை மாதங்களில் எடுங்கள். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பார்கள். எனக்கு அதில் வித்தியாசம் தெரியவில்லை. குளிர் மாதத்தில் எடுத்தால் கட்டை நிதானமாக ஈரம் விடும், இதுதான் என் காரணம்.

கொம்பு கோணலாகத்தான் கிடைக்கும். மூன்றடி மண்வெட்டிக் காம்புக்கு நேர்க்கட்டை கிடைப்பது அரிது. அதனால் முதலிலேயே சின்ன வேலையாக நினைத்துக்கொள்ளுங்கள்: உளிப் பிடி, சுத்திக் காம்பு, கதிர் அரிவாள் பிடி. முடிச்சு இல்லாத நீளம் ஒன்றரை அடி கிடைத்தால் போதும். வெட்டுமுகத்தில் நடுவே கறுத்துத் தெரிகிறதா பாருங்கள். வயதான கட்டையில் உள்ளே வைரம் பாய்ந்து பழுப்பாக இருக்கும், சுற்றி வெளிறு மஞ்சளாக இருக்கும். பிடிக்கு வைரப் பகுதி கிடைத்தால் நல்லது. இளங்கொம்பில் வைரமே இருக்காது, அதில் வேலையும் நிற்காது.

உலர்த்துதல்

நான் கெடுத்த முதல் கட்டையைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு சித்திரை மாதம் நல்ல அழிஞ்சில் கொம்பு இரண்டு கிடைத்தது. மொட்டை மாடியில் வெயிலில் போட்டால் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மாலை மாடிக்குப் போனேன். வெட்டுமுகத்தின் நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் பிளவு. சுண்டுவிரல் நகம் உள்ளே போகிற அகலம். கட்டையைத் திருப்பினால் பிளவு பாதி நீளத்துக்கு ஓடியிருந்தது. இரண்டு கொம்பும் அப்படியே. கொல்லுப்பட்டறைப் பெரியவரிடம் எடுத்துப்போய்க் காட்டினேன். கட்டையைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். "இதை வெயில்ல போட்டியாப்பா? முனையில சாணி வெச்சி, கொட்டாயில ஒரு வருசம் தூங்க விட்டிருக்கணும்" என்றார். அவர் சொன்னதுதான் இன்றைக்கும் என் முறை.

ஏன் பிளக்கிறது என்று தெரிந்தால் செய்கிற ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் புரியும். ஈரம் போகும்போது கட்டை சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. நடுவிலிருந்து பட்டை நோக்கிச் சுருங்குவதை விட, வளையத்தின் சுற்றளவு வாக்கில் சுருங்குவது பல மரங்களில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சுற்றளவு குறைய வேண்டும், உள்ளே இருக்கிற கட்டை இடம் கொடுக்காது, அப்போது வாய் பிளக்கும். டாக்வுட்டும் இப்படி அதிகம் சுருங்குகிற மரம்தான். கூடவே இன்னொரு கணக்கு: வெட்டுமுகம் வழியாக ஈரம் போகிற வேகம், பக்கவாட்டில் போவதைப் போல் பல மடங்கு. முனை முதலில் காய்ந்து சுருங்கி, நடு இன்னும் ஈரமாகவே இருந்தால் முனையில் பிளவு தொடங்கிவிடும்.

எனவே, வெட்டிய அன்றைக்கே இரண்டு முனையையும் மூடுங்கள். பசுஞ்சாணியும் செம்மண்ணும் குழைத்து விரல் கனத்துக்கு அப்பலாம். உருக்கிய மெழுகுவர்த்தி இன்னும் நல்லது. வீட்டில் மிஞ்சிய பெயின்ட் இருந்தால் இரண்டு கோட் அடித்தாலும் போதும். மறுநாள் செய்யலாம் என்று விட்டால், கண்ணுக்குத் தெரியாத பிளவு அதற்குள் விழுந்திருக்கும்.

அடுத்து, கட்டை மூன்று அங்குலத்துக்கு மேல் கனமாக இருந்தால் பச்சையாக இருக்கும்போதே நடுவில் பிளந்துவிடுங்கள். ரம்பம் வேண்டாம். கோடாலியை முனையின் நடுவில் வைத்து, மேலே கட்டையால் அடித்துத் திறந்து, ஆப்பு இறக்குங்கள். பிளந்தால் நார் ஓடுகிற வழியே பிளக்கும், அந்தத் துண்டில் செய்த பிடி உடையாது. ரம்பம் நாரைக் குறுக்கே அறுத்துவிடும். பிளந்த பிறகு நடுவில் இருக்கிற மென்மையான நெட்டிப் பகுதியைச் செதுக்கி எடுத்துவிடுங்கள். பிளவு தொடங்கும் இடமே அதுதான்.

பட்டையை முழுக்க உரிக்காமல் அங்கங்கே கீற்றுக் கீற்றாக உரியுங்கள். முழுதும் விட்டால் உள்ளே வண்டு குடியேறும், முழுதும் எடுத்தால் வேகமாகக் காய்ந்துவிடும்.

நிழலும் காற்றும் உள்ள இடத்தில் அடுக்குங்கள். மாட்டுக் கொட்டாய், தாழ்வாரம், பரண் எல்லாம் சரிதான். தரையில் படாமல், துண்டுக்குத் துண்டு நடுவில் மெல்லிய குச்சி வைத்து அடுக்க வேண்டும். பங்குனியிலிருந்து ஆனி வரை அனல் காற்று அடிக்கும்போது மேலே ஈரமில்லாத கோணி ஒன்றைப் போர்த்தி வேகத்தைக் குறையுங்கள். ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்தால் துடைத்துவிட்டு இடைவெளியைக் கூட்டுங்கள்.

எவ்வளவு நாள்? ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது உலகம் முழுக்க தச்சர்கள் சொல்கிற கணக்கு. நம் ஊர் வெப்பத்தில் பிளந்த துண்டுக்கு அவ்வளவு ஆகாது. ஊகிக்க வேண்டாம், எடை போடுங்கள். சமையலறைத் தராசு போதும். ஒரு துண்டில் பென்சிலால் தேதியும் எடையும் எழுதி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். என்னுடைய துண்டு ஒன்று தை மாதம் 2 கிலோ 400 கிராம் இருந்தது. எட்டு மாதம் கழித்து 1 கிலோ 650 கிராம். முக்கால் கிலோ தண்ணீர் போயிருக்கிறது. தொடர்ந்து மூன்று தரம் எடை மாறாமல் நின்றால் கட்டை தயார்.

காத்திருக்கிற மாதங்களில் சீமைக்கருவேலத்தில் கைப்பழக்கம் செய்யுங்கள். எங்கும் கிடைக்கிறது, வெட்டினால் ஊரே வாழ்த்தும், உலரும்போது சுருங்குவதும் மிகக் குறைவு. வேலை நுணுக்கம் அதில் பிடிபட்டுவிடும்.

உளிப் பிடி

வாச்சி (மரம் செதுக்குகிற கருவி), மர அரம், கத்தி, உப்புத்தாள், இவ்வளவுதான் கருவி. கடைசல் இயந்திரம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நடக்கும்.

துண்டை ஐந்தரை அங்குலத்துக்கு அறுங்கள். நார் நேராக ஓடுகிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள், ஒரு பக்கமாகச் சரிந்து வெளியேறினால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள். வாச்சியால் முதலில் சதுரமாக்கி, பிறகு எட்டுப் பட்டையாக்குங்கள். பலர் இதிலிருந்து உருட்டிவிடுவார்கள். நான் எட்டுப் பட்டையோடே விடச் சொல்வேன். மேசையில் வைத்தால் உளி உருண்டு காலில் விழாது, முனை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கை கண்டுபிடித்துவிடும்.

அழிஞ்சில் உலர்ந்த பிறகு கருவியை வாங்குகிற விதம் தனி. வேம்பில் வாச்சி போட்டால் பெரிய சில்லாகத் தெறிக்கும். இதில் சில்லு சின்னதாக வரும், வெட்டின இடம் எண்ணெய் தேய்த்தது போல் மின்னும். கருவி மழுங்கினால் உடனே தெரிந்துவிடும், அடிக்கடி தீட்டுங்கள். தேய்க்கும்போது முகமூடி போடுங்கள், தூள் தொண்டையைக் கரிக்கும்.

உளியின் வால் நுழைகிற துளையை இரண்டு அளவுத் துரப்பணத்தில் போடுங்கள். முதலில் வாலின் நுனிக் கனத்துக்கு முழு ஆழம், பிறகு நடுக் கனத்துக்குப் பாதி ஆழம். அடித்து இறக்கும்போது கால் அங்குலம் மீதி நிற்க வேண்டும், அந்தக் கால் அங்குலம் கடைசி அடிகளில் இறங்கினால்தான் பிடி இறுகும். வாய்ப் பக்கத்தில் ஒரு பித்தளைப் பூண் போட்டுவிடுங்கள். பழைய குழாய்த் துண்டு போதும்.

சுத்திக் காம்பு

பன்னிரண்டு பதின்மூன்று அங்குலம். இங்கே நார் ஓட்டம் உயிர் மாதிரி. நார் காம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓட வேண்டும். கைப்பிடிக்கு மேலே, சுத்தித் தலைக்குக் கீழே கொஞ்சம் மெலிய விடுங்கள். அந்த மெலிவு வளைந்து கொடுக்கும், அடியின் அதிர்ச்சி மணிக்கட்டுக்கு வராது.

காம்பின் தலையைச் சுத்தியின் கண்ணுக்குள் நுழைத்துப் பாருங்கள். கறுப்பு படிகிற இடத்தை மட்டும் அரத்தால் சீவி மறுபடி நுழையுங்கள். ஏழெட்டுத் தரம் ஆகும். பொறுமை போய் ஒரே தரத்தில் சீவினால் தொளதொளவென்று ஆகிவிடும். இறங்கிய பிறகு மேல்முனையில் ரம்பத்தால் ஒரு வெட்டுப் போட்டு, அதே உலர்ந்த கட்டையில் சீவிய ஆப்பை அடித்து இறக்குங்கள். ஆப்பு ஈரக்கட்டையில் இருந்தால் ஒரு மாதத்தில் சுருங்கித் தலை ஆடும். சுத்தி ஆடினால் தண்ணீரில் ஊறப்போடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்னைவிட மோசமாக ஆடும். ஆப்பை மாற்றுவதுதான் வழி.

எண்ணெய்

ஆளிவிதை எண்ணெய் கிடைத்தால் அதுதான் முதல். அது காற்றுப் பட்டு இறுகும். விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய் இறுகாது, ஆனால் பழகிய பிடிக்கு வருஷத்துக்கு ஒருமுறை தேய்க்கப் போதும். மெல்லிசாகத் தேய்த்து, அரைமணி கழித்துத் துடைத்து, மறுநாள் இன்னொரு தரம். மூன்று நாள் செய்யுங்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகு எறியுங்கள். வார்னிஷ் வேண்டாம். உள்ளங்கை கொப்பளிக்கும்.

வேறு எதற்கெல்லாம் ஆகும்

செக்கு உலக்கைக்கும் மாட்டுக் கழுத்தில் கட்டுகிற மரமணிக்கும் அழிஞ்சில் பயன்பட்டிருக்கிறது. பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போனால் இப்போது கண்ணில் படுவதெல்லாம் பித்தளையும் இரும்பும்தான். ஒரு மரமணி குடைந்து பாருங்கள், சத்தம் தாழ்ந்து, காட்டுக்குள் தூரம் போகும். பம்பரத்துக்கும் நல்ல கட்டை. தறி நாடா செய்து பார்க்க ஆசை உள்ளவர்கள் நெசவாளர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். எடையும் சமநிலையும் அவர் கைக்குத்தான் தெரியும்.

அழிஞ்சில் கிடைக்காதவர்கள் கோடாலிக் காம்புக்கு வெக்காளியும், நீளமான காம்புகளுக்குத் தடசும் கேட்டுப் பாருங்கள். உலர்த்தும் முறை அதேதான்.

கன்று வைத்தல்

வெட்டினவர் வைக்கவும் வேண்டும். வைகாசி, ஆனியில் கறுத்த பழங்களைப் பொறுக்கி, சதையைத் தேய்த்துக் கழுவி, விதையை நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, புதிதாக இருக்கும்போதே மணல் கலந்த செம்மண் பைகளில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். முளைக்க வாரக்கணக்கில் ஆகும், எல்லாம் முளைக்காது, ஆகையால் ஒரு கன்றுக்கு நான்கைந்து விதை போடுங்கள். முதல் வருஷம் பையிலேயே வளரட்டும். அடுத்த புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், வேலி ஓரத்தில் பத்தடி இடைவெளியில் நடுங்கள். ஆடு வராமல் இரண்டு வருஷம் முள் போட்டு அடைக்க வேண்டும். தரையிலிருந்து மூன்றடிக்குள் விடுகிற பக்கக் கொம்புகளைத் தையில் கழித்துவிட்டால் நடுத்தண்டு நேராக ஏறும். முடிச்சில்லாத ஒன்றரை அடிக் கட்டை அங்கேதான் கிடைக்கும்.